சிடுமூஞ்சியின் உடம்பில் புகை வந்தது பற்றி

என் பெயரும் விலாசமும் இந்த வாக்குமூலத்தின் முகப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. கயிற்றுக்காரி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். என் தங்கையும் நானும் வீட்டுக்குப் பின்னால் லாயம் வைத்து, இளங்குதிரைகளைச் சேணத்துக்குப் பழக்கி வருகிறோம். நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன், அவள் மேலே ஏறுவாள். விழுவதும் அவள்தான்.

இன்று காலை கடும் குளிர். தொட்டித் தண்ணீர் மேலே உறைந்திருந்தது. சிடுமூஞ்சி என்று நாங்கள் கூப்பிடும் ஐந்து வயதுப் பெண்குதிரையை வெளியே கொண்டுவந்தோம். குளிரில் அதற்கு முதுகு விறைத்துக்கொள்ளும். அப்படியே ஏறினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே கடிவாளத்தின் வாயிரும்பை என் அக்குளில் வைத்துச் சூடாக்கி மாட்டினேன். எனக்குத்தான் உயிர் போயிற்று. அதன் பிறகு சேணம் வைத்து, வாரைத் தளர்வாகக் கட்டி, இடுப்பில் கம்பளி போர்த்தி, நீளக் கயிற்றில் என்னைச் சுற்றி நடக்கவிட்டேன். அதன் பிறகு கம்பளியை எடுத்து, வாரை இறுக்கி, மெல்ல ஓடவிட்டேன். சோம்பியபோதெல்லாம் சாட்டையைக் காற்றில் சொடுக்கினேன். சத்தம் பெரிதாகத்தான் கேட்கும். ஆனால் நுனிகூட அதன்மேல் படவில்லை. இரண்டு பக்கமும் சுற்றிய பிறகு கழுத்தைத் தழைத்து மூக்கால் புர்ர் என்றது. முதுகு இளகிவிட்டது என்று அர்த்தம். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அதன் பிறகு தங்கை ஏறினாள். இதுவரை ஏறிய நாளெல்லாம் அவளைத் தள்ளிவிட்ட குதிரை, இன்று ஒரு துள்ளல்கூட இல்லாமல் சுமந்து சுற்றியது. "அக்கா, கண்ணு வெக்காத. வாய மூடிட்டு நில்லு" என்றாள். நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

அப்போது எதிர்மாடியில் புதிதாகக் குடிவந்த பல் டாக்டரம்மா சன்னலைத் திறந்து, "அடிச்சு அடிச்சு அது உடம்புல புகையே வருது, நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று கத்தினார். ஓடிச் சூடேறிய குதிரை குளிரில் ஆவி விடும், அவ்வளவுதான். "கொதிக்கிற பால்லகூடத்தான் ஆவி வருது, அத யாரு அடிச்சாங்க?" என்று என் தங்கை திருப்பிக் கேட்டது உண்மை. அவர் சன்னலைப் படாரென்று சாத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டராகிய தாங்கள் வந்தபோது, சேணத்தை இறக்கி, வியர்வை காயும்படி குதிரையை நடத்திக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாவும் இறங்கி வந்தார். புகார் மெய்யென்றால் குதிரையை இப்போதே வண்டியில் ஏற்றிப் போவோம் என்று தாங்கள் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனுஷியை நம்பிய முதல் நாளே அந்நியர் கைக்குப் போனால், அது இனி யாரையும் முதுகில் ஏற்றாது. ஏற்றாத குதிரைக்கு யாரும் தீனி போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு தாங்கள், அடிபட்ட குதிரை சாட்டையைக் கண்டால் மிரளும் என்று கூறி, கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, கீழே கிடந்த சாட்டையை எடுத்து ஓங்கினீர்கள். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். சிடுமூஞ்சி நேராகத் தங்களிடம் நடந்து வந்து, திரும்பி, முதுகைக் காட்டி நின்றது. சேணம் இறக்கியதும் அந்தச் சாட்டையின் கம்பால் முதுகைச் சொறிந்துவிடுவது எங்கள் வழக்கம். இன்று யாரும் சொறியவில்லை. தாங்கள் விழித்தீர்கள். "சொறிங்க சார், சொறியாம விடாது" என்றாள் தங்கை. தாங்கள் சொறிந்தீர்கள். அதன் பிறகு டாக்டரம்மா சாட்டையைக் கேட்டு வாங்கினார்.

நான் சொன்னதை எழுதி எனக்கே வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையெழுத்துப் போடும் இந்த நேரம் வரை டாக்டரம்மா வெளியே சொறிந்துகொண்டுதான் இருக்கிறார். சிடுமூஞ்சி அவரை விடவில்லை.

(ஒப்பம்)
கயிற்றுக்காரி