ஓரம் வெட்டின ரொட்டி

இல்லைய்யா, செய்ய மாட்டேன்னு சொல்லல. செய்ய முடியுமான்னு தெரியலன்னுதான் சொல்லுதேன். ரெண்டும் ஒண்ணா? நீங்க அந்த நாற்காலில இருக்காதீங்க, ஒரு கால் ஆடும். இந்தப் பெஞ்சுல இருங்க. குடிக்கத் தண்ணி வரும், கொஞ்சம் பொறுக்கணும். என் வீட்டுக்காரி ராகேல் அடுப்புல வச்சிருக்கா. மூணு தடவ கொதிக்கணும் அவளுக்கு. கொதிச்சதும் எறக்கி ஆறவச்சு, திரும்ப ஏத்தி, திரும்ப எறக்கி... போதகர் நீங்க வந்தாலும் அப்படித்தான், தபால்காரன் வந்தாலும் அப்படித்தான்.

உங்க மக சுசீலாவுக்குக் கல்யாணம்னு கேட்டதும் சந்தோஷமாத்தான் இருந்துது. ஞானஸ்நானத்துக்கு நீங்க தூக்கிட்டு வந்தப்போ பாத்த பிள்ள. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாகர்கோவில்ல பெரிய ஆளுங்க, வெறும் கேக்கும் வடையும் வச்சா நாலு பேரு சிரிப்பாங்கன்னு உங்க வீட்டம்மா நினைக்கது நியாயந்தான். பட்லர் சத்தியதாஸ்கிட்ட சொன்னா சீஸ் டோஸ்ட்டு பண்ணுவான், மேல பழம் வச்சு, கண்ணாடித் தட்டுல அடுக்கித் தருவான்னு யாரு சொன்னா உங்களுக்கு? ராகேலா?

சரி. அவ சொல்லுவா.

நான் ஒண்ணு சொல்லட்டுமா? செய்முறையை விவரமா சொல்லிடுதேன். கை சுத்தமா இருக்க ஒருத்திய வச்சுச் செய்ஞ்சுக்கிடுங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ரொட்டி முந்தின நாள் ரொட்டியா இருக்கணும். அன்னைக்குச் சுட்டது கத்தி பட்டா பிஞ்சிரும். ஒரு விரல் கனத்துக்கு அரிஞ்சு, கிளாஸைக் கவுத்து ஒரே அமுக்கு அமுக்கணும். திருகப்படாது. திருகினா ஓரம் கந்தலாப் போவும். வட்டமா வரும் பாத்தீங்களா, அதை வெண்ணெயில ஒரு பக்கம் மட்டும் பொரிக்கணும். பொரிக்காத பக்கத்துலதான் சீஸைத் தடவணும். டின்ல வாற சீஸு, அதைக் கொஞ்சம் வெண்ணெயும் கடுகுப் பொடியும் போட்டுப் பிசைஞ்சு வச்சுக்கிடணும். பழம்னா அன்னாசி. நம்ம ஆளுங்க கைதச்சக்கன்னு சொல்லுதோமே, அதான். பொடிசா அரிஞ்சு, சீனியும் ஒரு கிராம்பும் போட்டு, தண்ணி வத்துத வரைக்கும் கிண்டணும். தண்ணி இருந்துட்டா ரொட்டி ஊறிச் சவசவன்னு ஆயிரும். பொறவு இரும்பு மூடில கங்கு அள்ளிப் போட்டு, அதை டோஸ்ட்டுக்கு மேல காட்டணும். தொடப்படாது. சீஸு வேர்க்கும், லேசாச் சிவக்கும், அப்ப எடுத்திரணும். எடுத்ததும் நடுவுல ஒத்த மாதுளை முத்து.

சின்னதா இருக்கணும், அதான் முக்கியம். வெள்ளைக்காரன் நின்னுக்கிட்டே திங்கவன். ஒரு கையில கிளாஸ் இருக்கும், மறு கையால எடுத்து ஒரே வாயில போடணும். ரெண்டு கடி கடிக்க வேண்டிவந்தா பட்லர் தோத்துட்டான். பதினெட்டு வருசம் கவடியார்ல அந்தத் தொரை பங்களாவுல இருந்தேன் ஐயா, ஒருத்தரும் ரெண்டு கடி கடிச்சதில்ல. தொரையோட பெஞ்சாதி, அந்த மதாம்மா வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வராது. ஆனா வேற தொரைமாருக என்னை இரவல் கேட்டா குடுக்க மாட்டா. அதுல எனக்கு ஒரு கெர்வம். இல்லன்னு சொன்னா பொய்யாயிரும்.

வட்டமா வெட்டினா மிச்சம் நாலு மூலை நிக்கும் இல்லியா? மூலையும் ஓரமும். அது பட்லருக்கு. எழுதி வச்ச சட்டம் ஒண்ணும் இல்ல, எல்லா பங்களாவுலயும் அப்படித்தான். ஓரம் நம்மளது, நடு அவங்களது. நடுவுல ஒரு துண்டு எடுத்தாலும் அது களவு. நான் எடுத்ததில்ல. பதினெட்டு வருசத்துல ஒத்தத் துண்டு எடுத்ததில்ல. கெட்டுப்போவுதுன்னு தெரிஞ்சாக்கூட மதாம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் களைவேன். ஓரத்தை பிஸ்கட் டின்ல போட்டு ஜன்னல்கிட்ட வைப்பேன். பார்ட்டின்னா நான் வீட்டுக்கு வரமுடியாது பாத்தீங்களா, ராகேல் சாயங்காலம் இங்க கரமனையில இருந்து நடந்து வந்து, குசினி ஜன்னல் வழியா டின்னை வாங்கிட்டுப் போவா.

நாப்பத்திமூணுல நம்ம சபையில எத்தன வீட்டுல அடுப்பு எரிஞ்சுது? உங்களுக்குத் தெரியாததா. பர்மா அரிசி நின்னுபோச்சு. ரேஷன்ல குடுத்த அரிசில பாதி கல்லு. மரச்சீனிக் கிழங்கையே மூணு வேளையும் தின்னு சனங்களுக்குக் காலு வீங்கிச்சு. அந்த வருசம் எங்க ஜெயபாய்க்கு ஆறு வயசு. அந்த ரொட்டி ஓரத்துலதான் பிள்ள உசுரு ஓடிச்சு. ராகேல் அதை வெயில்ல காயவச்சு, கருப்பட்டித் தண்ணில முக்கிக் குடுப்பா. பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்விதான். அப்பா, நடுவுல உள்ளதை யாரு திங்கா? அதுமேல பழம் வைப்பியாமே, அம்மை சொன்னா, ஒண்ணே ஒண்ணு கொண்டாயேன். நான் சொல்லுவேன், அது நம்மளது இல்ல மக்கா. ஒவ்வொரு பார்ட்டிக்கும் கேக்கும். ஒவ்வொரு பார்ட்டிக்கும் நானும் அதையேதான் சொல்லுவேன்.

இங்க கொஞ்சம் கிட்ட வாங்க. அவளுக்குக் கேக்கப்படாது.

போன வியாழக்கிழமை ராகேலை ஆத்துல இருந்து கூட்டிட்டு வந்தாங்க, தெரியுமா? தெரியாது. நான்தான் யாருட்டயும் சொல்லவேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். கழுத்தளவுத் தண்ணில நின்னுருக்கா. துணி அலசுத பெண்ணுக கண்டு சத்தம் போட்டு இழுத்துருக்காங்க. ஏன்னு கேட்டா, இந்தத் தண்ணிதான என் பிள்ளையக் கொன்னுதுங்கா. ஜெயபாய் போனதுக்கு முந்தின ராத்திரி, கொதிக்க வச்ச தண்ணி ஆறல. பிள்ள தாகம் தாகம்னு தொண்டையப் பிடிச்சிட்டு அழுதுருக்கு. பொறுக்கமாட்டாம ஆத்துத் தண்ணில ஒரு செம்பு மோந்து குடுத்துட்டா. அந்தச் செம்புலதான் காலரா வந்துதுன்னு அவ நினைப்பு. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு மூணு வருசமா உள்ளுக்குள்ள சொல்லிட்டு இருந்தவ, இப்ப வெளிய கேக்குத மாதிரி சொல்லுதா. இனி ஒருக்கா ஆத்துல எறங்கினா, அலசுத பெண்ணுக அங்க இருப்பாங்கன்னு என்ன உறுதி?

இல்லைய்யா, ஜெபம் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அது ஜெபத்துல தீருதது இல்ல. கேளுங்க.

நீங்க அடக்க ஆராதனையில பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு. ராகேல் உங்ககிட்ட சொல்லியிருந்தா. பிள்ள ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருந்த டோஸ்ட்டை அப்பன் கடைசில அனுப்பினான்னும், தின்னு சந்தோஷப்பட்டுத்தான் போச்சுன்னும். நீங்க அதையே எடுத்துப் பேசினீங்க. பிள்ளை கேட்டதைக் குடுத்த தகப்பன்னு என்னைக் கைகாட்டிச் சொன்னீங்க. சபையே அழுதுது. எனக்கு அழுகை வரல. அவன் நெஞ்சு கல்லுன்னு கூட ரெண்டு பேரு பேசினாங்க.

அந்த டோஸ்ட்டு வந்த அன்னைக்குப் பார்ட்டி எதுக்குன்னு தெரியுமா? ஆப்பிரிக்காவுல சண்டை ஜெயிச்சாச்சாம். அறுபது பேரு. ரெண்டு நாளா ரொட்டி வெட்டிட்டு இருந்தேன். அந்த வாரம் சாமான் அறையில எலி. சாதா எலி இல்ல, பெருச்சாளி. கப்பல் வாறதே அபூர்வமான காலத்துல, பூட்டி வச்சிருந்த சீஸைக் கடிச்சு வச்சிட்டுது. மதாம்மா ஆடித் தீத்துட்டா. ஒரு வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து தந்து, இதை சீஸுல கலந்து, ரொட்டி ஓரத்துல தடவி வை, காலம்பற எலி செத்துக் கிடக்கணும்னா.

நான் என்ன செய்யணும்? ஓரத்துல இழுவி, தரையில வீசியிருக்கணும். வேற எவனும் அதைத்தான் செய்வான். எலிக்குத்தான? ஆனா கை கேக்கலைய்யா. கோணலா ஒரு சாமான் என் குசினில இருந்து போனதில்ல. மூலைத்துண்டுகளைச் சமமா நறுக்கி, வெண்ணெயில பொரிச்சு, அந்த சீஸைத் தடவி, பொடி வாசம் தெரியாம இருக்க வத்தின அன்னாசி ஒரு துணுக்கு மேல வச்சு, கங்கு காட்டிச் சிவக்க எடுத்தேன். பதினோரு துண்டு. மாதுளை மட்டும் வைக்கல. பாத்துட்டு எனக்கே சிரிப்பு வந்துது, எலிக்குக்கூட பட்லர் சத்தியதாஸ் கையால டோஸ்ட்டுன்னு. ராத்திரி சாமான் அறையைப் பூட்டும்போது வைக்கலாம்னு ஒரு பிஸ்கட் டின்ல போட்டு மூடினேன்.

அந்த பங்களாவுல பிஸ்கட் டின் எல்லாம் ஒரே மாதிரி.

ராகேல் ஜன்னல்ல வந்து நின்னா. அந்நேரம் அடுப்புல மூணு சட்டி, வாசல்ல முதல் காரு வந்துட்டு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. கைக்கு எட்டின டின்னை எடுத்து நீட்டினேன். நானேதான் எடுத்து நீட்டினேன்.

வீட்டுல தொறந்து பாத்திருக்கா. ஓரம் இல்ல. சின்னச் சின்னதா, சீஸும் பழமும் வச்சு. இந்த மனுசன் கடைசில மனசு எளகிட்டாருன்னு நினைச்சாளாம். பிள்ள குதிச்சுதாம். நீயும் தின்னும்மான்னு ஒரு துண்டை இவ வாய்க்கிட்ட கொண்டுபோச்சாம். இவ, வேண்டாம் மக்கா, அப்பா உனக்குன்னு அனுப்புனதுன்னு சொல்லி, திருப்பி அது வாயிலயே ஊட்டியிருக்கா. நாலு துண்டு. அதுக்குப் பொறவுதான் அந்தத் தாகம்.

ராத்திரி அலுப்புல நான் எலியை மறந்துட்டேன். காலம்பற ஞாபகம் வந்து டின்னைத் தொறந்தா, உள்ள வெறும் ரொட்டி ஓரம். கவடியார்ல இருந்து கரமனை வரைக்கும் எப்படி ஓடி வந்தேன்னு தெரியாது. வந்தப்போ பிள்ளைக்கு உசுரு இருந்துது. என்னைக் கண்டதும், அப்பா, நல்லா இருந்துதுன்னு சொல்லிச்சு. வாந்திபேதிக்கு வந்த டாக்டர் அந்தா, அந்த வாசல்படில நின்னாரு. அக்கம்பக்கத்துல அதே வாரம் ஏழு பேரு காலராவுல போயிருந்தாங்க. அவரு என்னைப் பாத்துத்தான் கேட்டாரு, பிள்ள கடைசியா என்ன தின்னுது? ராகேல் முந்திக்கிட்டா. அவ அப்பா அனுப்பின டோஸ்ட்டு, ஒரு குத்தமும் இல்ல, நான் குடுத்த தண்ணிதான்னா. டாக்டர் என் மூஞ்சியப் பாத்தாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன்.

தலையாட்டினேன் ஐயா. பொடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு வேற மருந்து குடுத்திருப்பாரு. பிழைச்சிருக்குமா பிழைக்காதா, தெரியாது. பிழைச்சிருக்காதுன்னு சொல்லிச் சொல்லித்தான் மூணு வருசமாச் சோறு திங்குதேன். மத்தியானம் பிள்ள போச்சு. டின்ல மிச்சம் ஏழு துண்டு இருந்துது, ஒருத்தரும் காணாம ஆத்துல களைஞ்சேன். அடக்கம் கழிஞ்சு மூணாம் நாள் வேலைக்குப் போனேன். எலி செத்துதான்னு மதாம்மா கேட்டா. செத்துதுன்னேன். அன்னைக்குத்தான் கத்தியைக் கழுவி வச்சிட்டு வந்தது. பொறவு நான் ரொட்டி வெட்டல.

ரோமன் கத்தோலிக்கக்காரனா இருந்தா பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வந்திருப்பேன். நமக்கு அது இல்லியே. ஏன் அவகிட்ட சொல்லலன்னு கேக்கீங்க. அந்தப் பிள்ளை விசயத்துல அவளுக்குன்னு மிஞ்சின ஒரே சந்தோஷம் அந்த டோஸ்ட்டு ஐயா. அதை ஊட்டினது அவ கை. தண்ணி இல்ல, நீ ஊட்டினதுதான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? சொல்லலன்னா தண்ணி அவளைக் கொண்டுபோயிரும். சொன்னா நான் கொண்டுபோயிருவேன். நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க.



சரி, போதும். அவ வாறா. கண்ணைத் தொடச்சுக்கிடுங்க. இந்தா ராகேல், ஐயாகிட்ட குடு. கல்யாணத்துக்கு நான் டோஸ்ட்டு செய்யுதேன்னு சொல்லிட்டேன், உனக்குச் சந்தோஷந்தான? ஆமா, பழம் வச்சு. நம்ம பிள்ளைக்கு அனுப்பின மாதிரியே.

குடிங்க ஐயா. மூணு தடவ கொதிச்ச தண்ணி. ஒண்ணும் செய்யாது.