ஒம்பதாவது வளைவு வரைக்கும் சிரிக்கக் கூடாது

சொல்றேன் மாமா, சொல்லாம எங்க போயிடப் போறேன். வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க. ஆனா இப்ப இல்ல. இந்த மேட்டுல ஒம்பது வளைவு இருக்குல்ல, ஒம்பதாவது தாண்டட்டும். வயித்தப் புடிக்கணும்னா ஸ்டியரிங்க விடணும், பின்னாடி பதினாறு டன் ஜல்லி இருக்கு.

உயரமா உக்காந்திருக்கேனா? இல்லையே. வளந்துட்டேன், அவ்வளவுதான். பதினாறு வயசுல வளராம பின்ன எப்ப வளர்றதாம்? எனக்கு அடியில இருக்கற போர்வைய இழுக்காதீங்க மாமா, ரோட்டப் பாருங்க.

ஐயோ, அந்தக் கர்ச்சீப்ப எடுக்காதீங்க. சூடு காட்டுற மீட்டர் மேல நான்தான் போட்டேன். நீங்க ரோட்டப் பாக்குறத விட அந்தச் சூட்டு முள்ளத்தான் அதிகமா பாக்குறீங்க. எனக்கு இங்கருந்து ஓரமா தெரியுது, ஏறுனா உடனே கத்துறேன். இதுல விளையாட மாட்டேன். அத்தை மேல சத்தியமா... சரி, அது வேணாம், போன தடவையும் அத்தை மேலதான் பண்ணேன். என் தலை மேல சத்தியம்.

தெரியும், நம்ப மாட்டீங்க. எல்லாம் அந்த ஹெல்மெட்டால வந்தது. டிராபிக் போலீஸ் குரல்ல நான், இந்தாப்பா, லாரி ஓட்டுறவங்களும் இனிமே ஹெல்மெட் போடணும், புது உத்தரவு, அப்படின்னு போன்ல சொன்னதுக்கு யாராவது மூணு நாள் மாட்டிக்கிட்டு ஓட்டுவாங்களா? டோல்கேட்ல வேல பாக்குறவங்க எழுந்து நின்னு பாத்தாங்களாமே. அதுலருந்து நான் மழை பெய்யுதுன்னா கூட கைய வெளிய நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புறீங்க.

ரெண்டாவது வளைவு. நல்லா திருப்புனீங்க.

ஆமா மாமா, பதினோரு மணின்னா பதினோரு மணிக்குப் போய் நின்னுடலாம். வண்டிய வாங்குறவர் எங்கயும் ஓடிட மாட்டார். காலையில போன்ல என்ன சொன்னார், லோடோட வாங்க, வெறும் வண்டிய வெச்சு நான் என்ன பாக்குறதுன்னா? புது நம்பர்லருந்தா? தொண்டையில எதோ மாட்டுன மாதிரி பேசுவாரே, ம்க்கும், வண்டி இழுக்குதா இல்லையான்னு ஏத்தத்துல தெரிஞ்சிடும் தம்பி, ம்க்கும். அப்படியே இருக்கா? ரொம்ப நன்றி. கலைக்குப் பாராட்டு தேவை.

இருவத்திரெண்டு வருஷம் அடுத்தவன் வண்டி ஓட்டிட்டு, சொந்தமா ஒண்ணு வாங்கி, மேட்டுல கொதிக்குதுன்னு ஏழு மாசத்துல விக்குறீங்க. நாளையிலேர்ந்து மறுபடியும் யாரோ ஒரு முதலாளிக்குச் சலாம். நான் ஒண்ணும் சொல்லல. நேத்து அத்தை சாப்பிடாம படுத்துட்டாங்க, அதையும் நான் சொல்லல.

சிரிப்புதானே, வரும். அதுக்கு முன்னாடி ஒர்க்ஷாப்புக்காரங்க கதைய வரிசையா சொன்னாத்தான் சிரிப்பு வரும்.

மொதல்ல அந்த மூக்கால பேசுறவர். பானட்டத் தொறக்கறதுக்கு முன்னாடியே, ஹெட் கேஸ்கெட்டு போயிட்ங்ச்சுங்க, இன்ஜினப் பிரிக்கங்ணும். பிரிச்சார். மாட்டினார். மாட்டுனப்புறம் நாலு நட்டு மிச்சம் இருந்துச்சு, அதப் பத்தி நாம யாரும் பேசல. ஒர்க்ஷாப்புல ஒரு மணி நேரம் ஓட விட்டாங்க, முள்ளு அசையல. வெளிய வந்து இதே மேடு, இதே அஞ்சாவது வளைவு, கொதிச்சுது.

அடுத்து வண்டியில லேப்டாப்ப மாட்டிப் பாக்குற அந்த டாக்டர். காதுகிட்ட வந்து ரகசியம் பேசுவாரே. ரிப்போர்ட் பாத்தேன்... வீட்டுலருந்து பெரியவங்க யாராவது வந்திருக்காங்களா? அவர் ஒண்ணே ஒண்ணு உருப்படியா சொன்னார் மாமா. வண்டி ரொம்பச் சூடானா இன்ஜின் தன்னக் காப்பாத்திக்க இழுவையக் குறைச்சுக்குமாம். அதாவது இழுக்காதது தனி வியாதி இல்ல. சூடுதான் வியாதி. அதுக்கு அவர் சென்சார மாத்தினார். மேடு, அஞ்சாவது வளைவு, கொதிச்சுது.

மூணாமவர் தெர்மோஸ்டாட்ட மாத்தினார், தண்ணி பம்ப மாத்தினார், கடைசில டிரைவர மாத்திப் பாருங்கன்னு உங்களையே மாத்தப் பாத்தார். அங்கயும் முள்ளு அசையல. எனக்கு லீவு, சும்மா வேடிக்க பாத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன்.

என்னன்னா... இருங்க, முன்னாடி பஸ் வருது. போகட்டும்.

கவனிச்சது உங்களத்தான். எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் மொதல்ல இறங்கி முன்னாடி போறீங்க. கிரில் மேல கட்டியிருக்கற உறைய அவுக்குறீங்க. ஆறு முடிச்சு. ஒவ்வொண்ணா. அந்தக் கறுப்பு ரெக்ஸின், மஞ்ச பார்டர், சோபா தைக்கிறவர்கிட்ட பஞ்சு வெச்சுத் தெச்சது. கிரீஸ் கை பட்டுடும்னு புதுச் சட்டைய மடிக்கிற மாதிரி மடிச்சு சீட்டுக்குப் பின்னாடி வெக்கிறீங்க. அப்புறம்தான் மெக்கானிக்கு வண்டிய தொடலாம். வேல முடிஞ்சதும் மறுபடி ஆறு முடிச்சு.

தெரியும் மாமா, கல்லு தெறிச்சு கிரில்ல கீறல் விழுந்துச்சு, அதுக்காகத்தான். நான் குத்தம் சொல்லல. அந்த உறை எந்த மாசம் தெச்சீங்க? மூணாவது மாசம். வண்டி கொதிக்க ஆரம்பிச்சது? கிரில் வழியாத்தான ரேடியேட்டருக்குக் காத்து போகணும்? சும்மா கேட்டேன்.

பாவம், மூணு பேரும் உறையே இல்லாத வண்டியத்தான் பாத்தாங்க. ஜுரம் வந்தவன் டாக்டர்கிட்ட போறப்ப மட்டும் கம்பளிய கழட்டி வெச்சுட்டுப் போன மாதிரி.

போன வாரமே சொல்லியிருக்கலாம்தான். சொன்னேனே! என்ன சொன்னீங்க? வாய மூடு, இதுவும் ஹெல்மெட் மாதிரிதானேன்னு சொன்னீங்க. உறைய ஒரு தடவ கழட்டிப் பாருங்கன்னேன். கல்லு பட்டா நீ வாங்கித் தருவியான்னீங்க.

கோபப்படாதீங்க. இப்ப எத்தனாவது கியர்ல போறோம்? நாலா? நம்ம வண்டி இந்த மேட்டுல நாலாவது கியரப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு? இல்ல, சும்மா கேட்டேன்.

அஞ்சாவது வளைவா? தண்ணி ஊத்த ஓரங்கட்டணுமா? அது எப்பவோ போயிடுச்சு மாமா, பஸ் வந்துச்சே, அதான். இதோ, வலது பக்கம் பாருங்க, ஊரெல்லாம் கீழ தெரியுதா? இதான் ஒம்பது.

இப்பக் கர்ச்சீப்ப எடுக்கலாம். எடுங்க. நான் கத்தலன்னா ஏறலன்னுதானே அர்த்தம். நடுவுல நிக்குது, பாருங்க. கண்ணாடியத் தட்டாதீங்க, முள்ளு ஒட்டிக்கல.

உறை எங்கயா? நீங்க காலையில ஆறு முடிச்சு போட்டுட்டு உள்ள தண்ணி குடிக்கப் போனீங்க, அத்தை இன்னொரு டம்ளர் குடிங்கன்னு நிறுத்தி வெச்சாங்க. அதுக்குள்ள நான்... நான் வளரல மாமா. அது மேலதான் உக்காந்திருக்கேன். மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருக்கு.

மெதுவா, மெதுவா ஓரங்கட்டுங்க. ஹேண்ட் பிரேக். ம், இப்ப வயித்தப் புடிச்சுக்கலாம். நான் சொல்றேன்னு சொன்ன சிரிப்பு இவ்வளவுதான். ஏன் மாமா, நீங்க சிரிக்குறீங்களா இல்ல கண்ணுல தூசியா?

யாருக்குப் போன் பண்றீங்க? வாங்குறவருக்கா, விக்கலன்னு சொல்லவா? வேணாம் மாமா, அவரத் தொந்தரவு பண்ணாதீங்க. நேத்து சாயங்காலமே சொல்லியாச்சு. நீங்கதான் சொன்னீங்க. மன்னிச்சுக்கங்கண்ணே, மனசு மாறிடுச்சு, இது என் சொந்த வண்டிண்ணேன்னு. உங்க குரல்ல கொஞ்சம் அழுக வேற சேத்தேன். நல்ல மனுஷன், சரி தம்பின்னு வெச்சுட்டார்.

அப்ப காலையில லோடோட வரச் சொன்னது யாரா? ம்க்கும், தம்பி.

மாமா, அந்த ஹெல்மெட் வண்டியிலதான இருக்கு? கொஞ்சம் எடுங்க. இப்ப எனக்கு வேணும்.