சட்டையில் தாழம்பூ வாசனை

டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், உம்மு ஹானி. என் கை அப்படித்தான், எதையும் அளந்து போட்டுப் பழக்கமில்லை. பரவாயில்லை, குடி.

நிக்காஹ் நிச்சயமான பெண் தனியாக என் வீட்டுக்கு வந்திருக்கிறாய். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிகிறது பார். தெரிந்துவிட்டுப் போகட்டும். இந்தத் தெருவில் அந்த வேலையை நாற்பது வருஷம் நான்தான் பார்த்தேன். எனக்குக் கண் மங்கிவிட்டது, வேறு யாராவது பார்க்க வேண்டாமா.

உன் பெரிய வாப்பா இஸ்மாயிலின் பெண்சாதி கண்ணை மூடுவதற்கு முந்தின நாள் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னாளாம்: "கைருன் பீவிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. உங்க உம்மா கபன் துணில பூசின அத்தர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளு." ஒன்பது வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அவளிடம் இவ்வளவு அடக்கம் இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பதிலை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பாய், அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்த சமயத்தில் இந்தப் பழவேற்காட்டில் சென்ட்டு என்றால் நான்தான். என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு மாதம் இரண்டு தடவை பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில், பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். சார்லி, இன்டிமேட், ஆண்களுக்குப் பச்சைப் பாட்டில் புரூட். ஒரு பையில் போட்டு வீடுவீடாகப் போவேன். சென்ட்டு ஒரு சாக்குதான். பாட்டிலைத் திறந்தால் பெண்கள் வாயும் திறக்கும். எந்த வீட்டில் மாமியார் பட்டினி போடுகிறாள், எவன் துபாயிலிருந்து கடிதம் போடவில்லை, எல்லாம் அந்தப் பையோடு என் வீட்டுக்கு வரும். மறுநாள் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவேன். யாருக்கும் நான் தீங்கு நினைத்ததில்லை. தெரிந்ததைச் சொல்வேன், அவ்வளவுதான்.

உன் உம்மா லத்தீபாவிடம் மட்டும் என் பை செல்லுபடியாகாது. உன் வாப்பா அமீர் ஜான் துபாயிலிருந்து அனுப்பியவையே அலமாரியில் ஏழு பாட்டில் நின்றன. அவள் வெளியே கிளம்பினால் அந்த வாசனை பள்ளிவாசல் முனைவரை போய்த் திரும்பி வரும். எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு பொறாமை.

பிறகு ஒரு கல்யாணம். பெண்கள் பக்கம் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம், நாற்பது பேர்மேலும் சார்லி. பாதி நான் விற்றது, பாதி துபாய் தந்தது. உன் உம்மா என் பக்கத்தில் இருந்தாள். மூக்கைச் சுருக்கி மெதுவாகச் சொன்னாள்: "கண்ணைக் கட்டிட்டா யாரு யாருன்னே தெரியாது போல இருக்கே மாமி. எல்லாரும் ஒரே ஆளு."

அந்தச் சொல்லை நான் சிரித்து விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. வீட்டுக்குப் போய் ஏழு பாட்டிலையும் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் தானே வாசனை செய்யும் அந்தக் கிறுக்கு அவளுக்குப் பிடித்தது.

அப்துல் ஹையின் முகம் உனக்கு நினைவிருக்காது. என் வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருந்தான். இறால் ஏற்றும் ஐஸ் வண்டியில் மெட்ராஸ் போய்வரும் வேலை. நிக்காஹ் ஆகாதவன், முப்பது வயது, எதிரில் பெண் வந்தால் தரையைப் பார்ப்பவன். அவன் மண்ணடியில் சந்தன எண்ணெய் வாங்கி வந்து உன் வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பான். தாழம்பூவுக்கு இந்த ஏரிக்கரையில் பஞ்சமா. உன் உம்மா இன்னொன்றும் சேர்ப்பாள், அதைக் காசியம்மாள் கொண்டுவருவாள். ஏரியில் இறங்கி, வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாளே, அவள்தான். சங்கின் வாயை மூடியிருக்கும் நகம் மாதிரி ஓடு. அதைச் சட்டியில் போட்டு வறுத்து, அந்தப் புகையை எண்ணெயில் ஏற்றுவாள் உன் உம்மா.

"இன்னாத்துக்கு பீவிம்மா இந்த ஓடு? வறுத்துத் துன்னவா போறாங்க?" என்று காசியம்மாள் என்னைக் கேட்டாள்.

"துபாய்க்காரன் பொண்டாட்டி. எதையாச்சும் வறுப்பா," என்றேன்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் தடவை அதை முகர்ந்தபோது என் பையைக் கீழே வைத்துவிட்டேன். தாழம்பூ, அதற்கு அடியில் ஏரி வற்றும்போது வரும் கரிப்பு, அதற்கும் அடியில் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு புகை. அது சென்ட்டு இல்லை. அது லத்தீபா.

தெருப் பெண்கள் கேட்டார்கள். அவள் தன் வாசனையைத் தர மாட்டாள், அவரவருக்கு ஒன்று செய்து கொடுப்பாள். ஒருத்திக்குச் செய்ததை இன்னொருத்திக்குச் செய்யவே மாட்டாள். உன் பெரியம்மாவுக்கு மகிழம்பூவும் ஏலமும். இன்னொருத்திக்கு வெட்டிவேர். ஒரு வருஷத்தில் தெரு மாறிவிட்டது. இருட்டில் எதிரே யார் வந்தாலும் பெயர் சொல்லலாம். நல்ல விஷயம்தானே என்பாய். என் பையை ஒரு வீட்டிலும் திறக்கச் சொல்லவில்லை. பை போனதோடு பேச்சும் போயிற்று. பெண்கள் எல்லாம் உன் வீட்டு அடுப்படியில்தான். அங்கே பேசியது அங்கேயே தங்கிவிடும், அவள் ஒன்றை வெளியே விட மாட்டாள். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து மூன்று நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. எனக்கு. நீயே யோசித்துப் பார்.

எண்பதாம் வருஷம், உன் வாப்பா லீவில் வந்திருந்த சமயம். ஒரு புதன்கிழமை நானே வெட்கத்தை விட்டுப் போனேன். அடுப்படியில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன் லத்தீபா," என்றேன்.

அவள் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு எதுக்கு மாமி வாசனை? நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க பேச்சு வந்துடுதே."

ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல சொல், நான் சொல்லியிருக்க வேண்டியது. பாங்கு சொன்னதும் எல்லோரும் எழுந்து போனார்கள். உன் உம்மா பால் பொங்குகிறதென்று உள்ளே போனாள். மாடத்தில் அவளுடைய குப்பி திறந்திருந்தது. காதில் வைக்கக் கிழித்த பஞ்சு பக்கத்திலேயே கிடந்தது. நான் ஒரு துண்டை நனைத்து, என் தலைவலித் தைல டப்பாவில் போட்டு மூடிக்கொண்டேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. எனக்குத் தர மாட்டேன் என்றதில் கொஞ்சம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அப்துல் ஹையின் சட்டை என் கொல்லைக் கொடியில் தொங்கியது. துவைக்கப் போட்ட சட்டை, இறால் வாடை அடித்தது. இடது தோளில் அந்தப் பஞ்சை ஒரு தடவை இழுத்தேன். ஒருத்தி தலை சாய்த்தால் எங்கே படுமோ அங்கே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த உன் பெரிய வாப்பாவைக் கூப்பிட்டேன். "தம்பி, பின்கட்டுப் பையன் சட்டையில ஏதோ வாசனை வருது. எனக்கு வயசாயிடுச்சு, மூக்கு சரியில்ல. நீங்க ஒரு தடவ பாருங்க," என்றேன். கவனி, நான் பெயர் சொல்லவில்லை. சார்லி வாசனை என்றால் ஊரில் பாதிப் பெண்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும், விஷயம் சிரிப்போடு போயிருக்கும். பெயர் சொல்லத் தேவையில்லாத வாசனையைச் செய்தது அவள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இஸ்மாயில் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலையில் நீ வந்தாய். ஒன்பது வயது, ரெட்டைப் பின்னல். விரல் நீளத்துக்கு ஒரு குப்பியை என் கையில் வைத்தாய். "மாமிகிட்ட குடுத்துட்டு, உம்மா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னாங்கன்னு சொல்லச் சொன்னாங்க." நினைவிருக்கிறதா. நீ போன பிறகு திறந்து பார்த்தேன். வாசலில் தண்ணீர் தெளித்த மண், கொட்டைப்பாக்கு, லேசாகப் பன்னீர். என் வீடு, மதியம் மூன்று மணிக்கு. முன்பே செய்து வைத்திருந்திருக்கிறாள், ஊறட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் விசாரணை. ஆக, எனக்கு ஒரு நாள் முழுக்க இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு இஸ்மாயில் வீட்டுப் பக்கம் கிளம்பினேன். சொல்லிவிட்டு அப்புறம் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கினால், இந்தத் தெருவில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

இஸ்மாயில் வீட்டுக் கூடத்தில் நாலு ஆண்கள். கதவுக்குப் பின்னால் நாங்கள். சட்டை கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் மூக்கில் வைத்துப் பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். தன் வீட்டுக்காரி வாசனை இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்த்திருந்தால் உனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

"அண்ணே, சட்டை என்னுதுதான். வாசனை எப்படி வந்துச்சுன்னு அல்லாமேல சத்தியமா எனக்குத் தெரியாது," என்றான் அப்துல் ஹை. தரையையே பார்த்தான். அந்தப் பழக்கம் அன்றைக்கு அவனுக்கு உதவவில்லை.

சட்டையைக் கதவு வழியாக உன் உம்மாவிடம் நீட்டினார்கள். "உன்னுதா, பாத்துச் சொல்லு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரோ தன்னுடையதைப் பார்த்து அதே மாதிரி செய்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சட்டையை வாங்கி, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு அக்கம்பக்கம் தெரியாது. "என்னுதுதான்," என்றாள். "இந்த மாசம் செஞ்சது. தாழம்பூ ஒரு பங்கு கூடிப் போச்சு. இத இன்னும் வெளிய நான் போட்டுக்கவேயில்லயே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மெதுவாகத் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் ஆறேழு பேர் இருந்தோம், என்னை மட்டும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் கூடத்தில் யார் காதிலும் ஏறியிருக்காது. 'என்னுதுதான்' என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

உன் வாப்பா கை ஓங்கவில்லை, அதை நீ தெரிந்துகொள். வீட்டுக்குப் போய்க் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கிணற்றடிக் கல்லில் போட்டு உடைத்தார், ஒரு சொட்டு மிச்சமில்லாமல். காலை முதல் பஸ்ஸில் மீஞ்சூருக்கு, தாய்வீட்டுக்குப் போகச் சொன்னார். பிள்ளை இங்கேதான் இருக்கும் என்றார். விடியும்போது அவள் பையோடு பஸ் பக்கம் போவதை நான் ஜன்னலில் பார்த்தேன். பஸ் போன சத்தமும் கேட்டது.

அவள் அதில் ஏறவில்லை. நம் ஏரியில் அவள் இறங்கிய இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். கட்டுமரக்காரர்கள் இன்னமும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதில் போக ரொம்ப மனது வைக்க வேண்டும். காசியம்மாள் இறாலுக்குச் சேற்றைத் தடவிக்கொண்டு போனவள், கையில் தலைமுடி சிக்கி நின்றுவிட்டாள். பறி வாயிலிருந்து விழுந்து மிதந்து போயிற்று. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் இறங்கவில்லை.

குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தெருவில் பெண்களுக்கு அதைச் செய்வது நான்தானே. சேறெல்லாம் போக நன்றாகக் கழுவினேன், நகக்கண்கூட விடவில்லை. கபன் விரித்து, கற்பூரம் வைத்து, அத்தர் என்று யாரோ கேட்டார்கள். பள்ளிவாசலிலிருந்து ஏதோ மட்டமான ரோஜா அத்தர் வந்திருந்தது. எனக்கு மனது கேட்கவில்லை. யார் யாருக்கோ பார்த்துப் பார்த்துச் செய்தவள், கடைசியில் ஊரான் வாசனையிலா போக வேண்டும்? மடியிலிருந்து தைல டப்பாவை எடுத்தேன். பஞ்சு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கபனில் பிழிந்து தடவினேன்.

அறை அப்படியே நின்றுவிட்டது. எல்லாக் குப்பியும் உடைந்த பிறகு லத்தீபா எழுந்து வந்து அறையில் உட்கார்ந்த மாதிரி. உன் பெரியம்மா அத்தரைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தியும் பேசவில்லை. பேசினால் கூடத்தில் இருக்கும் நாலு ஆண்களும் என்ன செய்தோம் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிவரும். எந்தப் பெண்ணுக்கு அந்தத் தைரியம் உண்டு? மறுநாளே எல்லோரும் அவள் செய்து கொடுத்ததைக் கொட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் என்னைக் கூப்பிட்டுச் சார்லி கேட்டார்கள். கொடுத்தேன்.

இதோ, நீ கேட்டது இந்த டப்பாவில் இருந்துதான் வந்தது. பஞ்சை நனைத்தது நான், சட்டையில் இழுத்தது நான், இஸ்மாயிலைக் கூப்பிட்டது நான். நீ கொண்டுவந்து கொடுத்த குப்பியையும் வைத்திருக்கிறேன், பாதி இருக்கிறது. பெருநாளைக்கு மட்டும் ஒரு சொட்டுப் போட்டுக்கொள்வேன்.

அழாதே. நான் அவளுக்குக் கெட்டது நினைக்கவில்லை. இஸ்மாயிலிடம்கூட ஒரு பொய் சொல்லவில்லை. சட்டையில் வாசனை இருந்தது, இருக்கிறது என்றேன். ஆனால் உன் உம்மாமேல் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு, உம்மு ஹானி. ஒன்றுமே இல்லையென்றால் அன்றைக்கு 'என்னுதில்ல' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே. சொல்லியிருந்தால், அவளை நம்பும் முதல் ஆள் நானாக இருந்திருப்பேன்.