இந்த ஆடியில் அந்த வேம்பை ஒடிக்க வேண்டாம்

பந்தக்கால் நட்டு, மஞ்சள் பூசி, மாலை சூட்டிய இந்த மங்கல வேளையில் அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எல்லையம்மன் கோயில் விழாக்குழுத் தலைவர், பெருமதிப்புக்குரிய தனக்கோடி ஐயா அவர்களே! இந்த ஊர் பேருந்து நிறுத்தமாகும் முன்பே இங்கே வேர்விட்ட குடும்பங்களின் பெரியோர்களே! பிழைக்க வந்து, பிறகு பிரிய மனமின்றி இங்கேயே தங்கிவிட்ட என்னைப் போன்றோரே! அடுப்பில் கேழ்வரகையும் நெஞ்சில் அம்மனையும் வைத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! இவர் எப்போது இறங்குவார், இன்னிசைக் குழு எப்போது ஏறும் என்று பின்வரிசையில் காத்து நிற்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன தம்பி? கேட்கவில்லையா? ஒலிபெருக்கியில் குறையில்லை, என் குரலில்தான் குறை. வீட்டிலும் இதே புகார் உண்டு. இதோ, நெருங்கி நிற்கிறேன். இப்போது கேட்கிறதா? நன்றி.

நான் சக்திவேல். ஏரிக்கரைத் தெரு. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. இங்கே ஏறும்போது படியைப் பார்த்து ஏறினேன். இப்போது எப்படி இறங்குவது என்று யோசித்துக்கொண்டே பேசுகிறேன். பேச வந்திருப்பது ஒரு மரத்தைப் பற்றி. நம் கோயில் வாசலில், நமக்கு முன்னால், அதோ, விளக்கு வெளிச்சத்தில் பச்சையாக நிற்கிறதே, அந்த வேம்பைப் பற்றி.

அன்பார்ந்தவர்களே! நம் ஊரின் மற்ற வேம்புகளை நீங்கள் பார்த்தீர்களா? நிமிர்ந்து பார்த்தீர்களா? கிழக்குத் தாம்பரத்தில் பார்த்தீர்களா? சேலையூரில் பார்த்தீர்களா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும் வழியில் பார்த்தீர்களா? நெருப்பு படாமலே நுனியெல்லாம் கருகி, வெயில் அடிக்காத மாதத்தில் இலையெல்லாம் வெந்து நிற்பதைப் பார்த்தீர்களா? முதன்முதலில் அதைப் பார்த்தபோது எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்: "எவனோ ஆசிட் ஊத்திட்டான் சார். வூடு கட்டறவன் வேலதான் இது." நானும் அரை மனதாக நம்பினேன். பிறகு அடுத்த தெருவில் ஒன்று. அதற்கடுத்த தெருவில் ஒன்று. இத்தனை மரத்துக்கு ஊற்ற எவனிடம் இருக்கிறது அவ்வளவு ஆசிட்?

அது பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. மழையில் நனைந்து, காற்றில் மிதந்து, கிளையின் நுனியில் அமர்ந்து, அங்கிருந்து கீழே கீழே இறங்குகிற நோய். வேனிலில் மரம் மறுபடி துளிர்க்கும். "பொழைச்சுக்கிச்சு" என்று நாம் மகிழ்வோம். மழை வரும், மறுபடி கருகும். இலை போகும், பூ போகும், காய் போகும். காயில்லாத மரத்துக்கு விதை ஏது? விதையில்லாத மரத்துக்கு நாளை ஏது?

விமானம் போகட்டும். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பேசுகிறவன் பாதிப் பேச்சை வானத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த நோயைப் பார்த்துப் பயந்தவர்கள் சிலர் ஒன்று கூடினோம். வங்கியில் பணிபுரியும் சந்திரிகா அம்மா, பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் ஜெபசீலன், இன்னும் சில நல்ல மனங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணியும் ரம்பமுமாகப் புறப்படுவோம். கருகிய கிளையை மட்டும் வெட்டினால் போதாது. அதற்குக் கீழே நன்றாக இருக்கும் பகுதியிலும் ஒரு சாண் சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டிய வாயில் மருந்து பூச வேண்டும். அடுத்த மரத்துக்குப் போகும் முன் ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெட்டியதை அன்றே எரித்துவிட வேண்டும். துடைத்த ரம்பத்தை நான் மறுபடி துடைப்பேன். "சார், அது தேஞ்சே பூடும்" என்பார் சந்திரிகா அம்மா. தேயட்டும் என்பேன்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சொல்லட்டுமா என்று ஜெபசீலனிடம் கேட்டேன். "தாராளமா சொல்லுங்க சார், என்ன வச்சு நாலு பேர் திருந்தினா சரி" என்றார். அதோ, தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறார், நெட்டையாக.

சென்ற ஆண்டு ஆடி. பள்ளிக்கூடத் தெருவில் ஒரு பெரிய மரத்துக்கு வைத்தியம் செய்து முடித்திருந்தோம். வெட்டிய கிளைகள் மதிலோரம் மலைபோல் கிடந்தன. நுனி கருகல், அடியோ பச்சைப் பசேல். காவலுக்கு ஜெபசீலனை வைத்துவிட்டு நாங்கள் தேநீர் குடிக்கப் போனோம். அப்போது தாய்மார்கள் சிலர் பையோடு வந்தார்கள். "அண்ணா, ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறோம். நாலு கொத்து எடுத்துக்கவா?"

ஜெபசீலன் என்ன செய்வார்? ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். அம்மனுக்கு என்று கேட்கிறார்கள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் என்ன நினைப்பார்கள்? கொடுத்தார். வெறுமனே கொடுத்தாரா? கருகலை உதறி, பச்சையாகப் பார்த்துப் பொறுக்கி, தன் கயிற்றாலேயே கட்டி, அவர்கள் வண்டியில் தானே ஏற்றிவைத்தார். நாங்கள் திரும்பி வந்தோம்.

"இன்னா ஜெபா, குப்பை பாதியாயிடுச்சு? அதுக்குள்ள எரிச்சிட்டியா?" என்றார் சந்திரிகா அம்மா.

"இல்லக்கா. குடுத்துட்டேன்."

"யாருக்குடா?"

"அம்மனுக்கு."

"அடப்பாவி! அம்மனுக்கே சீக்கைக் குடுத்துட்டியேடா!"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நாங்களும் சிரித்தோம். மழைக்காலம் வந்தபோது சிரிப்பு நின்றது. அந்த இலைகள் எந்தெந்தத் தெருக்களில் தோரணமாகத் தொங்கினவோ, அந்தத் தெருக்களின் மரங்கள்தாம் முதலில் கருகின. தோரணம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். காற்று கொண்டுவந்திருக்கலாம். மழை கொண்டுவந்திருக்கலாம். நான் தவறாகவும் நினைத்திருக்கலாம். ஆனால் ஜெபசீலன் அந்தக் கருகிய மரத்தடியில் நின்று என்னிடம் கேட்டார்: "சார், அன்னிக்கு நான் இல்லன்னு சொல்லிருந்தா இன்னா ஆயிருக்கும்? ரெண்டு பேரு மூஞ்சத் திருப்பினு போயிருப்பாங்க. அவ்ளோதான?"

அவ்வளவுதான். அன்பானவர்களே, அவ்வளவுதான்! முகம் முறியக்கூடாது என்று நாம் நோயைக் கட்டிக் கொடுத்தோம். அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குத் தள்ளியிருக்கிறது.

ஏனென்றால், சுற்றிலும் இத்தனை கருகியும், இந்த ஒரு மரம் கருகவில்லை. நம் எல்லையம்மன் வாசல் வேம்பு கருகவில்லை. இந்த ஆனியில் நாங்கள் சுற்றித் திரிந்த வட்டாரத்தில் கொத்துக் கொத்தாகப் பழுத்தது இது ஒன்றுதான். பழத்தைப் பொறுக்கி, சதையை அலசி, நிழலில் உலர்த்தி, விதைத்தோம். சந்திரிகா அம்மா வீட்டு மொட்டைமாடியில் பால் பாக்கெட்டுகளில் அதன் பிள்ளைகள் இப்போது முளைத்துக்கொண்டிருக்கின்றன. சென்ற ஆண்டு இதே மரத்து விதையில் வந்த கன்றுகள், மற்ற கன்றுகள் வாடிய மழையில் வாடாமல் நின்றன. நோயை எதிர்க்கும் ஏதோ ஒன்று இதன் உடம்பில் இருக்கிறது என்று நம்புகிறோம். வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாததால்தான் பயப்படுகிறேன்.

வருகிற ஆடி வெள்ளிக்கு இந்த மரத்தடியில் எத்தனை கைகள் நீளும்! கரகத்துக்கு ஒரு கொத்து. காப்புக்கு ஒரு கொத்து. கூழ்ப்பானைக்கு ஒரு கொத்து. வேப்பஞ்சேலை உடுத்தி வலம் வருவோருக்கு ஆளுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு முறிவும் ஒரு காயம். ஒவ்வொரு காயமும் ஒரு வாசல். அந்த வாசலில் அந்தப் பூஞ்சை காத்துக்கொண்டிருக்கிறது. நோயுள்ள மரத்து இலையை வெளியிலிருந்து கொண்டுவந்தாலோ, எமனைப் பல்லக்கில் ஏற்றி மரத்தடிக்கே அழைத்துவருகிறோம்.

தலைவர் ஐயாவிடம் முதலில் போனேன். பொறுமையாகக் கேட்டார். "சார், மரத்தப் பாத்துக்கறது ஆத்தா வேலை. நடுவுல நாம எதுக்கு?" என்றார். அவர் சொன்னதில் பிழை காண எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "சரி, மேடையேறி நீங்களே கேளுங்க. பொம்பளைங்க ஒத்துக்கினா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். அந்தப் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன். ஐயா தலையை ஆட்டுகிறார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, முன்வரிசையில் இருக்கும் சரசு அம்மா. அவர் மகன் மறைமலை நகரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார். இயந்திரத்தில் அவர் கை சிக்கிய அன்று, இந்தத் தாய் வேண்டிக்கொண்டார்: கை பிழைத்தால் ஆடியில் வேப்பஞ்சேலை உடுத்தி உன்னைச் சுற்றிவருகிறேன் என்று. கை பிழைத்தது. அவரிடம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். "இன்னா சார், கேட்டாண்டயே நின்னுகினு கீற? நாய் ஒண்ணும் பண்ணாது, உள்ள வா" என்றார். உள்ளே போனேன். மோர் கொடுத்தார். குடித்தேன். மகனை அழைத்துக் கையை நீட்டச் சொன்னார். விரல்களை மடக்கிக் காட்டினார் அந்தப் பிள்ளை. அதைப் பார்த்தபின் எப்படிக் கேட்பேன்? மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுவாரமும் போனேன். மறுபடியும் மோர்தான் குடித்தேன்.

தாய்மார்களே! ஒரு தாய் தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கைத் தள்ளிவை என்று சொல்ல நான் யார்? அஞ்சுகிறேன். உங்கள் கோபத்துக்கு அஞ்சுகிறேன். அம்மன் கோபத்துக்கு அதைவிட அஞ்சுகிறேன். ஆனால் எல்லாவற்றையும்விட, அடுத்த ஆனியில் இந்த மரத்தடியில் ஒரு பழமும் விழாத காலைக்கு அஞ்சுகிறேன்! அதன்பின் விதைக்கு எங்கே போவோம்? எந்த ஊருக்குப் போவோம்? எந்த வாசலில் நின்று கேட்போம்?

பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நான் பயப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன். சிக்னல் வேலையில் எங்களுக்கு ஒரே பாடம்: சந்தேகம் வந்தால் சிவப்பு. கம்பி அறுந்தால் சிவப்பு. விளக்குப் பழுதானால் சிவப்பு. தண்டவாளத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சிவப்பு. வண்டி நின்றதற்காக என்னைத் திட்டாத பயணி இல்லை. திட்டியவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்! இந்த மரம் காயத்தைத் தாங்குமா, தெரியாது. நோய் நுழையுமா, தெரியாது. தெரியாது, தெரியாது, தெரியாது! ஆகவே சிவப்பு காட்டுகிறேன். இந்த ஆடிக்கு மட்டும், இந்த மரத்தை ஒடிக்க வேண்டாம். வெளி வேப்பிலையையும் இந்த வாசலுக்குக் கொண்டுவர வேண்டாம். அம்மன் நம் எல்லையைக் காக்கிறாள். அவள் மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றெல்லை போட நமக்கு அனுமதி கொடுங்கள்.

என்னம்மா? யார் எழுந்திருப்பது? சரசு அம்மா... தம்பி, அவர் கையில் அந்த மைக்கைக் கொடுப்பா. வேண்டாமா? சரி, சொல்லுங்கள் அம்மா, பின்னால் இருப்பவர்களுக்கு நான் திருப்பிச் சொல்கிறேன்.

"இதக் கேக்கத்தான் ரெண்டு வாட்டி வந்தியா?" என்கிறார். ஆமாம் அம்மா.

"மோர் மட்டும் குடிச்சினு போனியே சார், அன்னிக்கே கேக்கறதுக்கு இன்னா?" என்கிறார். சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி. பயம் அம்மா.

"எனக்கும் பயமாத்தான் கீது" என்கிறார். அனைவரும் அமைதியாகக் கேளுங்கள். "குடுத்த வாக்கு. ஆத்தா கோச்சுக்கினா என் புள்ளைக்குத்தான் ஆவும். இந்த வருசம் மஞ்சப் புடவையில ஈரத்தோட சுத்தறேன். ஆனா ஒண்ணு சார். ஆத்தா வந்து ஏண்டின்னு கேட்டா, உன் பேரத்தான் சொல்லுவேன்."

அம்மா.

ஒரு நிமிடம். கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

சொல்லுங்கள் அம்மா. என் பெயரையே சொல்லுங்கள். சக்திவேல், ஏரிக்கரைத் தெரு, நீல நிறக் கேட் என்று அடையாளமும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையிடம் போக வேண்டாம், என்னிடம் வரச் சொல்லுங்கள். இங்கே இருக்கும் ஒவ்வொரு தாயும் என் பெயரையே சொல்லலாம். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். பயமாகத்தான் இருக்கும், அதற்காக நகரமாட்டேன்.

தனக்கோடி ஐயா கையைத் தூக்குகிறார். கயிறு அவர் வீட்டிலிருந்தே வருமாம். ஐயாவுக்கு நன்றி. சரசு அம்மாவுக்கு, இன்னும் வார்த்தை கிடைக்காத ஒரு நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்த தாய்மார்களுக்கும், எழுந்து போகாத தம்பிமார்களுக்கும் நன்றி. அதோ, நாம் பேசியதெல்லாம் காதில் விழாததுபோல் காற்றில் அசைந்துகொண்டிருக்கும் அந்த மரத்துக்கும் சேர்த்து, என் வணக்கம்.

ஜெபசீலன், படியிறங்கக் கொஞ்சம் கை கொடுப்பா.