அப்பளக்கடை முதலாளி

பென்னாகரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அவர்களில் அப்பளம் போட்டு விற்கிற ஒருத்தி திடீரென்று, "என் கடைக்கு நானே வேலைக்காரி ஆயிட்டேன்க்கா" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"மாவுமில்லுக்காரர் வூட்டு போன்ல சேலத்து மளிகைக்கடைக்காரர் கூப்பிட்டாருங்க. 'முதலாளிகிட்ட குடும்மா'ன்னாரு. நான்தான்னு சொல்ல வாய் வரலீங்க. 'வெளிய போயிருக்காருங்க'ன்னுட்டேன். திங்கக்கிழமை நேர்ல வந்து முதலாளியப் பாத்துட்டுத்தான் தீபாவளி ஆர்டர் குடுப்பாராம்."

"அப்ப யாரக் காட்டுவ?"

"எங்க வூட்டுக்காரரத்தான். வெள்ளச் சட்டைகூட வெளுத்து வெச்சிட்டேன்."

அந்த அக்காள் சிரித்துவிட்டாள். இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அப்பளத்துக்கு உளுந்து மாவா, கடலை மாவான்னுகூட அவருக்குத் தெரியாதுக்கா. திங்கக்கிழமைக்குள்ள சொல்லிக் குடுக்கணும்."