நான்கு மாதம் தாமதித்தவர்

நேற்று மாலை நம் சங்கத்தின் செயற்குழு இரண்டே முக்கால் மணி நேரம் கூடி, இந்த இரங்கல் கூட்டத்தில் தேநீருடன் மிக்சர் வேண்டாம், பட்டர் பிஸ்கட்டே போதும் என்ற வரலாற்று முடிவை எடுத்திருக்கிறது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு நான்கு. ஒருவர் நடுநிலை; எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவதாக அவர் சொன்னது குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. தலைமை வகிக்கும் சகோதரி ஃபாத்திமா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அண்ணனின் துணைவியார் அடைக்கலமேரி அம்மாள் அவர்களே, சாத்தாங்காட்டு இரும்புக் கிடங்கில் கிரேனை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் செயலாளர் என்ற முறையில் என் வணக்கம்.

நம் டைம் ஆபீஸ் குமாஸ்தா, வருங்கால வைப்புநிதியின் காவலர், அண்ணன் சிலுவைமுத்து மறைந்துவிட்டார். யார் இந்தச் சிலுவைமுத்து? சம்பளத்தை உயர்த்தியவரா? இல்லை. போனஸ் வாங்கித் தந்தவரா? இல்லை. நம் பணத்தை நம்மிடமிருந்து காப்பாற்றியவர்!

நம் கிடங்கின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் மாறுவார். வாசலில் போர்டு மாறும். ஆட்கள் நாமேதான், கிரேனும் அதேதான். ஆனாலும் வேலை போய்விட்டதாக எழுதிக் கொடுத்து, பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்து, அன்றைக்கே பிரியாணி போடுவோம். மறுநாள் அதே கிரேனில் புதிய ஆளாக ஏறுவோம். எடுக்காமல் சேர்ந்து பத்து ஆண்டு சேவை இருந்தால் ஓய்வூதியம் உண்டு; எடுத்தால் சேவை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். நாமோ இருபது ஆண்டு வேலை பார்த்து, பத்து ஆண்டைத் தொடாமலே ஓய்வு பெறும் கலையில் தேர்ந்தவர்கள்.

ஆரம்பத்தில் அண்ணனும் மறுப்பில்லாமல் பணம் எடுக்கும் அந்த விண்ணப்பப் பாரங்களில் முத்திரை குத்தினார். ஒரே நாளில் முப்பத்திரண்டு பேருக்குக் குத்தியிருக்கிறார். பல ஆண்டு கழித்து, அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவர் எழுபது வயதில் நம் கேட்டுக்கே வாட்ச்மேனாக வந்து நின்றார். அண்ணன் என்னிடம் சொன்னார்: "காலைல உள்ள நுழைஞ்சா எனக்கு சல்யூட் அடிக்கிறாரு, மாமு. அவரு போட்ட பிரியாணில எனக்கும் ஒரு லெக் பீஸ் கெடச்சுது. அந்த சல்யூட்ட என்னால வாங்க முடியல."

அன்றிலிருந்து மாறினார். எப்படி மாறினார்! கல்யாணத்துக்குப் போனால் மொய்க் கவரில் நூற்றியொரு ரூபாயும் ஒரு நாமினி பாரமும் வைப்பார். நம் சாலமோன் ராயபுரம் தேவாலயத்தில் தாலி கட்டி முடித்ததும் போட்ட முதல் கையெழுத்து பதிவேட்டில் அல்ல. அண்ணன் நீட்டிய பாரத்தில். மாமியார் கொதித்தார்: "கல்யாணத்தன்னிக்கே சாவப் பத்திப் பேசுறாரே, இன்னா மனுசன்!" அண்ணன் அசரவில்லை: "உன் பொண்ணு பேரத்தாம்மா எழுத வந்தேன். வேணான்னா சொல்லு, உன் சம்பந்தியம்மா பேரே இருக்கட்டும்." பேனா கொடுத்தது மாமியார்தான்.

இப்போது லட்சுமணன் விவகாரத்துக்கு வருகிறேன். மூன்றாண்டுக்கு முன் போர்டு மாறியபோது அவருக்கு வயது ஐம்பத்தேழரை. அண்ணன் நச்சரித்து முந்தைய போர்டு மாற்றங்களில் பணத்தை எடுக்கவிடாததால், சேவை ஒன்பது ஆண்டு இரண்டு மாதம் சேர்ந்திருந்தது. ஒன்பதரையைத் தாண்டினால் பத்தாகக் கொள்வது விதி. இன்னும் நான்கு மாதம். எடுத்துவிட்டால் திரும்பப் பூஜ்ஜியம். புதிதாகத் தொடங்க வயது இல்லை. அவரோ மருமகனுக்குப் பழைய ஷேர் ஆட்டோ வாங்க உடனே பணம் கேட்டார். வேலையை விட்ட தேதியைக் கணினியில் ஏற்றினால்தான் பணம் வரும்; ஏற்றாதவரை அதே கணக்கில் சேவை ஓடிக்கொண்டிருக்கும். கணினி அண்ணன் மேசையில்.

"என் துட்ட நான் எடுக்க நீ யாரு?"

"நான் யாரும் இல்ல நைனா. கம்ப்யூட்டர் பக்கத்துல குந்திகினு கீறேன், அவ்ளோதான்."

"நாலு மாசம் கழிச்சு நான் இருப்பனோ, பூடுவனோ?"

"நீ பூட்டா உன் சம்சாரம் ரமாபாய்க்கு வரும். அதுக்கும் எழுதி வாங்கி வெச்சுட்டேன். பேஜாரு பண்ணாத, போய் டீ குடி."

லட்சுமணன் டீ குடிக்கவில்லை. நம் சங்கத்தில் புகார் கொடுத்தார். உறுப்பினரின் உரிமைப் பணத்தை மறித்ததற்காக அண்ணனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியவன் நான்.

நோட்டீஸ் லெட்டர்ஹெட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார். நியாயம்தான். யானைக்கவுனி அச்சகத்தில் அடித்து வர மூன்று வாரம். பதில் எழுத அவகாசம் கேட்டார், கொடுத்தோம். விசாரணைக்கு ஒரு ஞாயிறு குறித்தோம். அன்று காசிமேட்டில் வஞ்சிரம் மீன் மலிவு; பாதிப் பேர் அங்கே போய்விட, கூட்டம் நடத்தத் தேவையான கோரம் இல்லை. அடுத்த கூட்டத்தில், முந்தைய கூட்டக் குறிப்பு இன்னும் ஏற்கப்படவில்லையே என்று பணிவுடன் சந்தேகம் எழுப்பினார். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தோம். எந்த அலுவலகத்தின் மீதும் வைக்காத நம்பிக்கையை அவர் நம் செயற்குழுவின் மீது வைத்திருந்தார் தோழர்களே! அந்த நம்பிக்கையை நாம் பொய்யாக்கவில்லை.

கடைசியில் அவர் குற்றவாளி எனத் தீர்மானித்தோம். கண்டனத் தீர்மானத்தை எழுதியவனும் நானே. என் உரைநடையில் அதைவிடச் சிறந்தது இன்றுவரை அமையவில்லை. நின்று கேட்டார், ஓர் இடத்தில் தலையசைத்து ரசிக்கவும் செய்தார். பிறகு சொன்னார்: "நல்லா கீது செயலாளரே. இன்னிக்குத் தேதி இன்னா?" சொன்னேன். மறுநாள் காலை தேதியை ஏற்றிவிட்டார். நான்கு மாதம் ஒன்பது நாள் ஆகியிருந்தது. வைப்புநிதிப் பணம் வந்தது, ஆட்டோவும் வந்தது. அண்ணன் ஓய்வு பெறும்வரை லட்சுமணன் அவரோடு பேசவில்லை.

நாம் செய்தது பிழையா? பிழைதான். அவர் செய்தது விதிமீறலா? அதுவும்தான். ஒருவருடைய பணத்தை மறிக்க எவருக்கும் உரிமையில்லை என்று இன்றும் சொல்வேன். சொல்லும்போது குரல் முன்பு போல ஓங்கவில்லை, அவ்வளவே.

அவர் பணியைத் தொடர்வோம் என உறுதி ஏற்போம். வரும் புதன் முதல், ஷிஃப்ட் முடிந்ததும் கேட் எதிரில் உள்ள டீக்கடை பெஞ்சில் பாரங்களோடு நான் உட்காருவேன். அடுத்த முறை போர்டு மாறும்போது பணத்தை எடுக்காமல் கணக்கை மாற்றிக்கொள்பவர்களுக்குச் சங்கச் செலவில் பிரியாணி. அந்தக் கண்டனத் தீர்மானத்தையும் திரும்பப் பெறுவோம்; நடைமுறைப்படி நான்கு மாதம் ஆகும்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. லட்சுமணனும் ரமாபாயும் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. இன்று ஒன்றாம் தேதி. ஓய்வூதியம் எடுக்கத் திருவொற்றியூர் வங்கிக்குப் போயிருக்கிறார்கள்.