கே. வேலாயுதம் என்று ஒருவர் இருந்ததில்லை

சிவராமலிங்கம் ஐயாவின் மாலை போட்ட படத்துக்கு இரண்டு பக்கமும் அமர்ந்திருக்கும் சாஸ்தா கோயில் வம்சாவளிக் குழுப் பெரியவர்களே, குழுத் தலைவர் பெருமாள்சாமி அண்ணாச்சி அவர்களே, குருவிகுளத்திலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் சங்கரன்கோவிலுக்குப் பஸ் பிடித்து வந்திருக்கும் பங்காளிகளே, வணக்கம். நான் ஆனந்த்சங்கர். நில அளவை வேலை பார்க்கிறேன். எனக்கு அளக்கத் தெரியும். அலங்காரமாகப் பேசத் தெரியாது.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினீர்கள். ஐந்து பேரும் சிவராமலிங்கம் ஐயாவை ‘வம்சாவளிச் செம்மல்’ என்றீர்கள். கேட்கக் கேட்க எனக்குக் குமட்டியது. மன்னியுங்கள், வேறு சொல் கிடைக்கவில்லை.

அந்த மனிதர் யார்? பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தர். ஓய்வு பெற்ற பிறகு, நம் பங்காளிகளின் வம்சத்தைப் பதினொரு நோட்டுகளில் எழுதியவர். ஒரு பெயர் எழுதினால் கீழே ஆதாரம் எழுதுவார். எந்தப் பத்திரம், எந்த வருடம், எழுதியவன் கண்ணால் பார்த்தானா, காதால் கேட்டானா, அப்படி எழுதியதில் அவனுக்கு என்ன லாபம். பள்ளிச் சான்றிதழைக் காட்டினால் சிரிப்பார். “இது வாத்தியார் போட்ட தேதிவே. ஊர்ல பாதிப்பேரு ஜூன் மாசமா பொறந்தான்?”

வெறும் செவிவழிச் செய்தி என்றால், பெயருக்கு முன்னால் பென்சிலால் ‘கே’ என்று போடுவார். கேள்வி என்பதன் சுருக்கம். கேள்விப்பட்டது, ஆனால் இன்னும் கேள்விக்குரியது என்று அர்த்தம். எத்தனை நேர்மையான ஒற்றை எழுத்து அது!

அந்த எழுத்தை நாம் என்ன செய்தோம்?

நம் மூதாதை வேலாயுதம் அந்த நோட்டில் இரண்டு இடத்தில் வருகிறார். அவர் மகன் முத்தையா வீட்டில் பத்திரம் ஏதும் கிடைக்கவில்லை. அதனால் அங்கே ‘கே வேலாயுதம்’. இன்னொரு மகன் குருசாமி வீட்டில், ‘வேலாயுதம் மகன் குருசாமி’ என்று அவர் எழுதிக்கொடுத்த 1903-ஆம் வருடத்துக் கிரையப் பத்திரத்தின் பிரதி இருந்தது. அதனால் அங்கே வெறும் ‘வேலாயுதம்’. ஐயா கண் ஆபரேஷன் செய்து படுத்திருந்த நேரத்தில், திருவிழாவுக்குப் புத்தகம் வேண்டும் என்று குழு அவசரப்படுத்தியது. நோட்டைத் தட்டச்சு செய்தவன் அந்த ‘கே’யை இனிஷியல் என்று நினைத்து, புள்ளி வைத்து, கே. வேலாயுதம் என்று அடித்தான். அந்த மடையன் நான்தான். அதை நினைத்தால் என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் நான் வைத்தது ஒரு புள்ளி. குழு என்ன செய்தது? இனிஷியல் இருந்தால் தகப்பன் வேண்டுமே! கேசரித்தேவன் என்று ஒரு தளபதியைப் பெற்றெடுத்தது. தளபதிக்கு வாள், வாளுக்குக் குதிரை. ஆதாரம்? அதே புத்தகம்! இனிஷியல் இல்லாத வேலாயுதமோ வேறு ஆளாம். ஆகவே குருசாமி வீட்டார் பங்காளியே இல்லையாம்.

அந்த வருடப் பங்குனி உத்திரத்தில், குருசாமி வீட்டு மருமகள் பேச்சித்தாய் அக்கா சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்க வந்தார். குழு ஆள் ஒருவர் மறித்தார்.

“ஏட்டி, ஒங்க வீடு புஸ்தகத்துல இல்ல. பானையத் தள்ளி வை.”

“புஸ்தகம் நேத்து வந்தது. எங்க மாமியா அம்பது வருசமா இங்கனதான் பொங்குனா.”

“அதுக்கு ஆதாரம் வச்சிருக்கியா?”

ஆதாரம்! அந்தச் சொல்லை உச்சரிக்க நமக்கு என்ன அருகதை? அக்கா பானையைத் தூக்கிக்கொண்டு போனார். ஏழு வருடமாக அந்த வரிசையில் அவருக்கு அடுப்பு இல்லை.

ஐயா கண் கட்டைப் பிரித்த கையோடு மறுபடி தேடினார். அந்தக் கிரையப் பத்திரத்திலேயே, நான்கு எல்லை சொல்லும் இடத்தில் இருந்தது: ‘வடக்கே என் உடன்பிறந்த அண்ணன் முத்தையா புஞ்சை.’ எல்லை சொல்லும்போது எவனும் வம்சப் பெருமை பேச மாட்டான். அதனால்தான் ஐயா அந்த வரியை நம்பினார். நகல் வாங்கி, தலைவரிடம் நானும் அவரும் போனோம். தலைவர் ஐயாவிடம் சொன்னார்:

“புஸ்தகம் அச்சாயிட்டு அண்ணாச்சி. சாமி காரியம், நோண்டாதீங்க. தளபதி வம்சம்னு இருந்துட்டுப் போட்டுமே, யாருக்குவே நஷ்டம்?”

“பேச்சித்தாய்ட்ட போய்க் கேளும்வே!” என்றார் ஐயா.

அதற்குப் பிறகு பதினேழு கடிதங்கள் எழுதினார். பதில் ஒன்றாவது வந்ததா? போன மாதம் ஐயா இறந்தார். இப்போது இரண்டாம் பதிப்பு. அதே தளபதி, அதே குதிரை, அட்டையில் ஐயாவின் படம், ‘தொகுத்தவர் சிவராமலிங்கம்’! உயிரோடு இருந்தபோது மறுத்த பொய்யில், செத்த பிறகு அவரைக் கையெழுத்துப் போட வைக்கிறீர்கள். இதற்குப் பெயர் அஞ்சலியா? தூ!

கத்தாதீர்கள் அண்ணாச்சி, முடித்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய கோப்பு என்னிடம் இருக்கிறது. வேலாயுதம் ஒருவரே, முத்தையாவும் குருசாமியும் அவர் பிள்ளைகள் என்று திருத்தாமல் அது என் கையை விட்டுப் போகாது. வேறு ஆளை வைத்து அச்சடித்தால், உத்திரத்தன்று கோயில் வாசலில் நின்று, பத்திர நகலை வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். ஐயா ஆதாரம் தேடிப் போகாமல் பாக்கி வைத்த நான்கு ஊர்களுக்கும் நான் போவேன்; தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன். இது என் உறுதிமொழி.

கடைசியாக ஒன்று. இப்போது எல்லோரையும் எழுப்பி ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வார்கள். வேண்டாம். ஏழு வருடம் நின்றது போதாதா? முத்தையாவும் குருசாமியும் கூடப்பிறந்தவர்கள் என்று இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பேச்சித்தாய் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மைக்கை அணைக்காமல் வைத்துவிட்டு இறங்குகிறேன்.

யாராவது ஒருவர் வந்து பேசுங்கள்.